ஒரு சாண் உயரம்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடனுக்கு முப்பத்தாறு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் குருவுக்கு ஒரு வெள்ளைத் தாடியை ஒட்டிவிடுவார்கள்.

குருவின் பெயர் கோகிலவாணி. ஜொகூரில் வீடு. தினமும் விடியலில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர். கடலோரத்தில், கப்பலில் வரும் இயந்திரங்களை இறக்கிவைக்கிற ஒரு யார்டில், பாரம் தூக்கும் வேலைக்கெல்லாம் அவர்தான் மேற்பார்வை. அவர் கை அசையாமல் கிரேனின் கொக்கி அசையாது. ஆட்களைத் திட்டமாட்டார், கேள்வி கேட்பார். அதனால் யார்டில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'.

சீடன் திருமேனி. பரமக்குடிப் பக்கத்து ஆள். சிங்கப்பூருக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. பெட்டிகளுக்குப் பெல்ட் கட்டி, கிரேன் ஓட்டுகிறவருக்குக் கை காட்டுவது அவன் வேலை. அந்த வேலையில் அவனுக்குத் தெரிந்த நுணுக்கமெல்லாம் இந்த நான்கு வருடத்தில் டீச்சரிடம் கற்றதுதான்.

ஒரு திங்கள்கிழமை காலை அவன் டீச்சருக்கு முன்னால் வந்து நின்றான்.

"பசியாறிட்டீங்களா, அண்ணே?" என்றார் டீச்சர்.

"ஆச்சு டீச்சர்."

"முகத்தைப் பார்த்தா ஆகாத மாதிரி இருக்கே."

திருமேனி சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். கம்பெனிக் கடிதம். பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் கம்பெனி அப்படி ஒன்று கொடுக்கும். மாலையில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கலாம். படிப்பு முடிகிறவரை ஐந்து மணிக்குமேல் வேலை கிடையாது. ஓர் ஆளுக்கு ஒரு கடிதம். ஒரு கடிதத்தில் ஒரு பாடம். பாதியில் விட்டுவிட்டால் மறுபடி கிடையாது. பாடத்தின் பெயரை எழுதவேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. சனிக்கிழமை நண்பகலுக்குள் அதை எழுதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

"மூணு பாடம் இருக்கு டீச்சர். கம்ப்யூட்டர், மேனேஜ்மென்ட், சிவில். எதை எழுதறதுன்னு தெரியலை."

"யாரைக் கேட்டீங்க?"

"கேக்காத ஆளில்லை. ரூம்ல இருளப்பன் கம்ப்யூட்டர்ங்கறான். உலகமே அதுலதான் ஓடுதாம். கோயம்புத்தூர்ல மச்சினர் மேனேஜ்மென்ட்ங்கறார். கழுத்துல டை கட்டலாமாம். என்னோட மெக்கானிக்கல் டிப்ளோமாவுக்கு அந்த ரெண்டுலயும் ஒரு வருஷம் கழிச்சுக் கொடுப்பாங்க. சிவிலுக்குக் கழிவு இல்லை, முழுசா அஞ்சு வருஷம். அதைத் தொடவே வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"வீட்டுல?"

"அரசி 'ஊருக்கு வந்து பொழைக்கிற மாதிரி ஏதாவது படிங்க'ன்னு சொல்லுது. ஏதாவதுன்னா எதுன்னு கேட்டா, பாப்பா கூப்பிடுதுன்னு போனை வெச்சிடுது."

டீச்சர் தாளைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"டிப்ளோமாவுக்கு மெக்கானிக்கலை எப்படி எடுத்தீங்க?"

"நான் எங்க எடுத்தேன்? மாமாதான் ஃபாரம் எழுதினார். வரிசையில முன்னாடி நின்ன பையன்கிட்டப் பேனா கேட்டார். அவன் என்ன எழுதியிருக்கான்னு எட்டிப் பார்த்தார். அவன் மெக்கானிக்கல் எழுதியிருந்தான்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருமேனியும் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"மூணு வருஷம் படிச்சேன் டீச்சர். பாஸும் பண்ணினேன். அதுல ஒரு வரிகூட இப்ப ஞாபகம் இல்லை. இந்தத் தடவை அப்படி ஆயிடக்கூடாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பிள்ளை முகத்தைப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தையும் கொண்டுபோய்த் தப்பான இடத்துல போட்டுட்டா, யாருக்கு என்ன பதில் சொல்றது?" அவன் பேனாவை எடுத்து நீட்டினான். "நீங்களே எழுதிடுங்க. எதை எழுதினாலும் சரி."

டீச்சர் பேனாவை வாங்கினார். மூடியைத் திருகிப் பார்த்தார். தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"பெட்டி வந்திருக்கு. வாங்க," என்றார்.

யார்டின் நடுவில் ஒரு பெரிய மரப்பெட்டி இருந்தது. உள்ளே ஒரு பம்பும் அதைச் சுழற்றும் மோட்டாரும். ஆறு டன் எடை. பெட்டியின் எடை நடுவாகும் இடம் இதுதான் என்று பக்கவாட்டில் கறுப்பு மையில் ஒரு குறி போட்டிருந்தது. அதை முப்பது மீட்டர் தள்ளியிருந்த கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கிரேனுக்குள் உட்கார்ந்திருந்தவன் இருளப்பன். அவன் குரல் வாக்கி-டாக்கியில் கரகரத்தது.

"மாப்ள, சீக்கிரம் கட்டு. மேகம் கறுத்துக்கிட்டு வருது."

திருமேனி டேப்பை வைத்து அளந்தான். குறிக்கு இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே இருக்கும்படி பெல்ட்டுகளை மாட்டினான். கொக்கியில் கோர்த்துவிட்டு விலகி நின்றான்.

"எந்தப் பக்கம் சாயும்?" என்று டீச்சர் கேட்டார்.

"சாயாது டீச்சர். குறி சரியா நடுவுல இருக்கு. பெட்டியோட வந்த படத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

டீச்சர் வாக்கி-டாக்கியை எடுத்தார். "இருளப்பன், நீங்க சொல்லுங்க."

"கடல் பக்கம் சாயும் டீச்சர். மோட்டார் அந்தப் பக்கம்தான் இருக்கு. மோட்டாரைவிடக் கனமானது உலகத்துல என்ன இருக்கு, திருமேனி தலையைத் தவிர?"

"தூக்குங்க. ஒரு சாண்," என்றார் டீச்சர்.

அது அவர் பொறுப்பில் நடக்கும் வேலைகளின் வழக்கம். எந்தப் பாரமானாலும் முதலில் ஒரு சாண் மட்டும்தான் எழும்ப வேண்டும். அந்த உயரத்தில் அது அப்படியே நிற்கும். எல்லோரும் தள்ளி நின்று, வாயைத் திறக்காமல் அதைப் பார்க்க வேண்டும். டீச்சர் கையை உயர்த்தினால்தான் மேற்கொண்டு போகலாம். இருளப்பன் அதற்கு 'டீச்சர் சாமி கும்பிடற நேரம்' என்று பேர் வைத்திருந்தான்.

பெல்ட்டுகள் இறுகின. பெட்டி முனகியது. தரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. கோடு ஒரு சாண் ஆனது. எல்லாம் நின்றது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பஸ்ஸில் தூங்குகிறவனின் தலை சரிவதுபோலப் பெட்டி மெதுவாகச் சாய்ந்தது. கடல் பக்கம் அல்ல. கேட் பக்கத்து மூலை தாழ்ந்தது.

"இறக்குங்க," என்றார் டீச்சர்.

திருமேனி பெல்ட்டைக் கழற்றி, கேட் பக்கமாகத் தள்ளி மாட்டினான். மறுபடி ஒரு சாண். மறுபடி சாய்ந்தது, இந்தத் தடவை கொஞ்சமாக. இறக்கினார்கள். மூன்றாவது தடவை எழும்பியபோது மழை தொடங்கிவிட்டது. பெட்டி மழைக்குள் மட்டமாக நின்றது. டீச்சர் தலைக்கவசத்திலிருந்து நீர் சொட்டச் சொட்டப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கையை உயர்த்தினார்.

பெட்டி கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தபிறகு திருமேனி அவர் பக்கத்தில் வந்தான்.

"டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

"முக்கால் மணி நேரமா சொன்னேனே. கடைசியில நனைஞ்சுக்கிட்டே வேற சொன்னேன்."

திருமேனி விழித்தான்.

"சரி, பேனாவையாவது குடுங்க."

"சனிக்கிழமை தர்றேன்லா," என்றார் டீச்சர்.

அன்று மாலை திருமேனி விடுதிச் சாப்பாட்டு மேஜையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். இருளப்பன் நடந்ததைக் கேட்டுவிட்டு, "சமையல்கட்டுல தராசு இருக்கு மாப்ள. மூணு பாடத்தையும் வெச்சு நிறுத்துப் பார்த்துடுவோமா?" என்றான்.

 அப்போதுதான் திருமேனிக்கு ஒன்று தோன்றியது. சேர விரும்புகிறவர்கள் பார்ப்பதற்காக, ஒவ்வொரு படிப்பிலும் முதல் பாடத்தைப் பல்கலைக்கழகம் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் பத்துக் கேள்விகள். அதுவரை அவன் அந்தப் பக்கத்தில் எவ்வளவு வருடம், எத்தனை மணி வகுப்பு, முடித்தவருக்கு என்ன வேலை என்பதை மட்டுமே திரும்பத் திரும்பப் படித்திருந்தான். பாடத்தைத் திறந்து, ஒரு சாண் தூக்கிப் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கம்ப்யூட்டர் பாடத்தைத் திறந்தான்.

மறுநாள் காலை டீச்சர் கேட்டார். "நேத்து என்ன தூக்கினீங்க?"

"கம்ப்யூட்டர்."

"எந்தப் பக்கம் சாஞ்சது?"

"என் தலைதான் டீச்சர், மேஜைமேல சாஞ்சது. இருளப்பன் எழுப்பிவிட்டான்."

டீச்சர் தலையசைத்தார். வேலைக்குப் போனார்கள்.

புதன்கிழமை மேனேஜ்மென்ட். நாற்பது நிமிடத்தில் படித்து முடித்தான். பத்துக் கேள்விக்கும் விடை சரி. இருளப்பன் மேஜையைத் தட்டிக் கொண்டாடினான். "இதான் மாப்ள உன் பாடம். இனி உன்னை ஐயான்னுதான் கூப்பிடணும்."

மறுநாள் டீச்சரிடம் திருமேனி நிமிர்ந்து நின்று சொன்னான். "லேசா இருந்துச்சு டீச்சர். பத்துக்குப் பத்து."

"நல்லது. என்ன கேட்டிருந்தாங்க?"

திருமேனி விரல் விட்டு யோசித்தான். ஒரு கேள்விகூட ஞாபகம் வரவில்லை. அவர்கள் தலைக்குமேல் கிரேனின் வெறும் கொக்கி காற்றில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. 

வியாழக்கிழமை மாலை சிவில். அதைத் திறக்க அவனுக்கு மனமே இல்லை. மூன்றையும் பார்த்தேன் என்று டீச்சரிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் திறந்தான். முதல் பாடம் மண்ணைப் பற்றியது. கணக்குகள் கடினமாக இருந்தன. முதல் கேள்வியை மூன்று தடவை போட்டதில் மூன்று விடை வந்தது.

ஏழாவது பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. சில வகைக் களிமண் நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்றும், அதன்மேல் ஆழமில்லாத அடித்தளத்தில் கட்டிய வீடு கூடவே ஏறி இறங்கும் என்றும் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு படம். சுவரில் கோணலாக ஓடும் ஒரு விரிசல்.

திருமேனி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

அவனுக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது. அதை அவன் சிங்கப்பூரில் இருந்துகொண்டே கட்டினான். கொத்தனாரிடம் போனில் பேசி, படம் வாங்கிப் பார்த்து, கதவுக்கு என்ன வண்ணம் என்பதுவரை இங்கிருந்தே சொல்லிக் கட்டினான். குடிபோன இரண்டாம் வருடமே கூடத்துச் சுவர் விரிந்துவிட்டது. "கரிசல் மண்ணுன்னா அப்படித்தாங்க," என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சித்திரையில் விடுமுறைக்குப் போகிறபோதெல்லாம் திருமேனி அதைச் சிமெண்ட் வைத்துப் பூசுவான். அடுத்த விடுமுறைக்குப் போனால் அது மறுபடி திறந்திருக்கும்.

அவன் அரசியைக் கூப்பிட்டான்.

"அரசி, விரிசல் எவ்வளவு இருக்குன்னு பாரு."

"எந்த விரிசல்?"

"கூடத்துச் சுவர்ல."

"ஒரு விரல் போகும். போன தடவை நீங்க பூசினது கொட்டிப் போச்சு."

"விரல் கணக்கு வேண்டாம். பாப்பாவோட ஸ்கேலை எடு. மேல எவ்வளவு, கீழ எவ்வளவு?"

"உலை கொதிக்குதுங்க."

"அடுப்பை அணைச்சிட்டு வா."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"என்னங்க, குடிச்சிருக்கீங்களா?"

"படிச்சுக்கிட்டு இருக்கேன். போய் அள."

அவள் அளந்து சொன்னாள். மேலே பதினெட்டு மில்லிமீட்டர், கீழே ஆறு. அவன் எழுதிக்கொண்டான். பிறகு பாடத்தில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஐப்பசி, கார்த்திகையில மழை பெய்யறப்ப அது ஒடுங்கிடுமா?"

"ஆமா, மூடிக்கும். ஒரு நூல் அளவுதான் தெரியும்." அவள் நிறுத்தினாள். "அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்? நீங்க மழைக்காலத்துல இந்த வீட்டுல இருந்ததே இல்லையே."

 திருமேனி மறுபடி உலையை வைக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அன்று பத்துக் கேள்வியில் இரண்டுதான் சரியாக வந்தது. மேஜைமேல் அவன் தலை சாயவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததுகூட அவன் காதில் விழவில்லை. இருளப்பன்தான் தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். விரிசல் படத்தை எட்டிப் பார்த்தான். அன்று அவன் கேலி பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் மரப்பெட்டியைத் திறந்தார்கள். கடல் பக்கம் மோட்டார். நடுவில் பம்பு. கேட் பக்கத்து மூலையில், படத்தில் போடாத ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. உள்ளே மாற்று உதிரிப் பாகங்கள், எல்லாம் கெட்டி இரும்பு. அனுப்பியவர்கள் கடைசி நேரத்தில் இடம் பார்த்துச் செருகியிருக்கிறார்கள். அதைத் தள்ளிப் பார்த்தான் திருமேனி. அசையவில்லை.

"நேத்து?" என்று டீச்சர் கேட்டார்.

"சிவில். பத்துக்கு ரெண்டு."

"லேசா இருந்துச்சா?"

"இல்லை டீச்சர். கணக்கு சுத்தமா மறந்துபோச்சு. அஞ்சு வருஷம் ஆகும். நான் முடிக்கிறப்ப எனக்கு நாப்பத்தொண்ணு."

"எந்தப் பக்கம் சாஞ்சது?"

திருமேனி இரும்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எங்க வீட்டுக் கூடத்துப் பக்கம்."



சனிக்கிழமை பதினொன்றரை மணிக்குத் திருமேனி அலுவலக வாசலில் நின்றான். டீச்சர் வந்து பேனாவை நீட்டினார். அவன் கடிதத்தைச் சுவரில் வைத்துப் பிடித்தான். பேனாவின் மூடியைத் திருகினான்.

"இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். இதுக்கப்புறம் இறக்கி வைக்க முடியாது."

 பாரம் ஒரு சாண் உயரத்தில் நிற்கும்போது பார்ப்பாரே, அதுபோல டீச்சர் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருமேனி காலியாக இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுதினான். உள்ளே போய்க் கொடுத்தான். முத்திரை குத்தும் சத்தம் வெளியே கேட்டது.

இரண்டு பேரும் யார்டுக்குத் திரும்பி நடந்தார்கள். அங்கே லாரியிலிருந்து இறக்கிய புதுப் பெட்டி ஒன்று தரையில் காத்திருந்தது. வாக்கி-டாக்கியில் இருளப்பன், "என்ன மாப்ள, கம்ப்யூட்டரா, டையா?" என்றான்.

"மண்ணு," என்றான் திருமேனி.

"எழுதிட்டியா? சரி, வா. வந்து பெல்ட்டைக் கட்டு."

திருமேனி பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டடி நடந்தவன் திரும்பினான். திங்கள்கிழமையிலிருந்து அவனுக்குள் ஒரு கேள்வி இருந்தது.

"டீச்சர், அன்னிக்கு அந்தப் பெட்டி கேட் பக்கம் சாயும்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியும்தானே? தெரிஞ்சுக்கிட்டே எங்களை மழையில நிக்க வெச்சீங்க."

டீச்சர் புதுப் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். அதில் போட்டிருந்த கறுப்புக் குறியைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது, அண்ணே. தரையில இருக்கிறவரைக்கும் எல்லாப் பெட்டியும் நேராத்தான் இருக்கு."